மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போவோம்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு கிராஃபிக்ஸ் கார்டு வேணும்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?" நின்றபடியே ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான், நான் சொன்னது பதிலே இல்லை என்று தோன்றியது. 'வாங்கலாம்', 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடிகிற விஷயம் இல்லை இது. அதற்கு முன்னால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் கார்டு வாங்கி, இரண்டாயிரம் ரூபாயையும் மகளிடம் இருந்த மதிப்பில் கொஞ்சத்தையும் இழந்தவன் நான். இன்று எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் அந்தக் கதையைச் சொல்கிறேன். உங்களில் ஒருவருக்காவது அந்த இரண்டாயிரம் மிச்சமாகட்டும்.

கேட்டது மகள், கேட்காதது நான்

2020 ஊரடங்கில் பிள்ளைகள் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். புதிது இல்லை. ஏதோ ஓர் அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்த, ஒல்லியான கேபினெட் உள்ள கம்ப்யூட்டர். ஆறாம் தலைமுறை ஐ5 புராசசர், 8 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். எனக்கு வினாத்தாள் அடிக்க, தொடக்கப் பள்ளி ஆசிரியையான என் மனைவிக்குப் பாடத்துணைக் கருவிகளை அச்செடுக்க, பிள்ளைகளுக்குக் காணொலிப் பாடம் பார்க்க என்று வீட்டில் எல்லாருக்கும் பொதுவான கம்ப்யூட்டர் அது.

பதினொன்றாம் வகுப்புக்கு வந்த மகள், பிளெண்டர் என்ற மென்பொருளைத் தானாகவே கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். முப்பரிமாண உருவங்களைச் செய்து அசைய வைக்கும் மென்பொருள் அது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒருநாள், "அப்பா, கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு போடலாமாப்பா?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கேம் விளையாடத்தானே? பன்னிரண்டாவது முடியட்டும்" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் கம்ப்யூட்டரின் மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. மகள் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். திரையில் எங்கள் ஊர்க் கண்மாயின் குமிழித்தூம்பு பாதி வரைந்த நிலையில் நின்றது. அறிவியல் கண்காட்சிக்காக, தூம்பின் மேல் துளை வழியாக நீரும் அடித்துளை வழியாகச் சேறும் எப்படி வெளியேறுகின்றன என்று பத்து நொடிப் படம் செய்துகொண்டிருந்தாள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. சொல்லும்படி நான் கேட்கவும் இல்லை.

காலையில் விவரம் கேட்டேன். காட்சியை ஒளி, நிழலோடு படமாக வரைந்து முடிக்கும் வேலைக்கு 'ரெண்டர்' என்று பெயர். ஒரு நொடிக்கு 24 படம். பத்து நொடிக்கு 240 படம். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு படத்துக்கு 11 நிமிடம். பெருக்கிப் பாருங்கள்: 2,640 நிமிடம், அதாவது 44 மணி நேரம். இடையில் ஒருமுறை கரண்ட் போய், அதுவரை வரைந்தது அத்தனையும் வீணாகியிருந்தது. நேரடியாக வீடியோக் கோப்பாகச் சேமிக்காமல், தனித்தனிப் படங்களாகச் சேமித்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். அதை அவள் பிறகு கற்றுக்கொண்டாள். அன்று காலை நான் கற்றுக்கொண்டது, அவள் கேட்டது விளையாட்டுக்கு இல்லை என்பதை. கண்காட்சிக்கு அப்போது மூன்று வாரமே இருந்தது.

கார்டு என்ன செய்கிறது?

இங்கே ஒரு சிறு விளக்கம். நம் திரை பொதுவாகக் கிடைமட்டத்தில் 1920, செங்குத்தில் 1080 என்று புள்ளிகளால் ஆனது. மொத்தம் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை படம் மாறினால், நொடிக்கு ஏறத்தாழ பன்னிரண்டரைக் கோடி முறை ஒரு புள்ளியின் நிறத்தை முடிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு கணக்கும் சின்னதுதான், எண்ணிக்கைதான் மலைப்பானது.

எங்கள் ஐ5 புராசசரில் நான்கு கருக்கள் இருக்கின்றன. எந்தக் கடினமான கணக்கைக் கொடுத்தாலும் போடக்கூடிய நான்கு முதுகலை ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் கார்டில் இருப்பவர்கள் காலை வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள். நாங்கள் கடைசியில் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் 896 சிறு கருக்கள். தனித்தனியாகப் பார்த்தால் எளிய கூட்டல், பெருக்கல்தான் செய்யும். ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்யும். நான்கு ஆசிரியர்கள் உட்கார்ந்து இருபது லட்சம் சின்னக் கணக்குகளைப் போடுவதும், தொள்ளாயிரம் பிள்ளைகள் பங்கிட்டுப் போடுவதும் ஒன்றாகுமா?

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடிதம் அடிக்க, மதிப்பெண் பட்டியல் போட, காணொலி பார்க்க, இணையவழிப் பயிற்சியில் கலந்துகொள்ள இந்தக் கார்டு தேவையே இல்லை. பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் புராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் பகுதி அதற்குப் போதும். முப்பரிமாணப் படம், காணொலித் தொகுப்பு, கட்டட வரைபடம், பெரிய விளையாட்டுகள் போன்றவற்றுக்குத்தான் தனிக் கார்டு.

நான் செய்த தவறு

மனம் இளகிய அப்பா என்ன செய்வார்? மகளுக்குத் தெரியாமல் வாங்கி வந்து அசத்த வேண்டும் என்று நினைப்பார். நானும் அதைத்தான் செய்தேன். சனிக்கிழமை பஸ் ஏறிப் பெரிய ஊருக்குப் போனேன். கடைக்காரர், "சார், இதைவிட வேகமான கார்டு இந்த விலைக்குக் கிடைக்காது" என்று ஒரு பழைய ஜிடிஎக்ஸ் 1060 கார்டை எடுத்துக் காட்டினார். நல்ல கார்டுதான். அதில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம் இருந்தது. என் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி அவர் கேட்ட ஒரு கேள்விக்கும் எனக்கு விடை தெரியவில்லை. "என்ன கேபினெட் சார்?" என்றார். "கறுப்பு" என்றேன்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தோம். முதல் சிக்கல், உயரம். சாதாரணக் கார்டின் பின்புறம் இருக்கும் இரும்புப் பட்டை ஏறத்தாழ 12 செ.மீ. உயரம். ஒல்லியான கேபினெட்டில் அதற்கு இருக்கும் இடம் ஏறத்தாழ 8 செ.மீ.தான். அதற்கென்றே குட்டைக் கார்டுகள் தனியாக வருகின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "பரவாயில்ல, மூடியைத் திறந்தே வெச்சுக்கலாம்" என்றேன்.

இரண்டாம் சிக்கல், மின்சாரம். அந்தக் கார்டின் ஓரத்தில் ஆறு ஊசிகள் கொண்ட மின் இணைப்பு ஒன்று இருந்தது. எங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டியில், அப்படி ஒரு வயரே இல்லை. "கவலைப்படாதீங்க" என்று கடைக்காரர் ஒரு மாற்று வயரைக் கையில் கொடுத்திருந்தார். ஒருமுனை ஹார்டு டிஸ்குக்கு வரும் சாட்டா மின் இணைப்பில் மாட்டும். மறுமுனை கார்டில் மாட்டும். மாட்டப் போனேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இந்த வயர்ல எத்தனை வாட் போகலாம்?"

பத்தாம் வகுப்பில் மின்திறன் நடத்தும் ஆசிரியரிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள், ஊசிக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர். மின்திறன் என்பது மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் பெருக்குவது. 12ஐ 4.5ஆல் பெருக்கினால் 54 வாட். கார்டின் ஆறு ஊசி இணைப்போ 75 வாட் வரை எடுத்துக்கொள்ள உரிமை உள்ளது. 54 வாட்டுக்கான இணைப்பில் 75 வாட்டை இழுத்தால் என்ன ஆகும்? இணைப்பு சூடாகும், பிளாஸ்டிக் உருகும். மின்னோட்டத்தின் வெப்ப விளைவு என்று நான் கரும்பலகையில் எழுதிப் போடுவது என் வீட்டுக் கூடத்திலேயே நடந்திருக்கும்.

அப்போது என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஒன்று கேட்டார். "ஏங்க, சின்னப் பிள்ளைக்கே அடிநிலை மதிப்பீடு எடுத்துத்தான் அரும்பா மொட்டா மலரான்னு பார்த்துப் பாடம் நடத்துறோம். இந்தப் பெட்டிக்கு அடிநிலை மதிப்பீடு எடுத்தீங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை மாலை கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடையில் எடுத்துக்கொண்டார்கள், இரண்டாயிரத்தைக் கழித்துக்கொண்டார்கள்.

அடிநிலை மதிப்பீடு

இந்தமுறை அவசரப்படவில்லை. நானும் மகளும், ஏழாவது படிக்கும் மகனும் உட்கார்ந்து, மனைவி சொன்ன மதிப்பீட்டை உண்மையிலேயே எடுத்தோம். நீங்களும் இதே வரிசையில் எடுக்கலாம்.

முதல் கேள்வி: எது மெதுவாக இருக்கிறது? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் புராசசர், ரேம், டிஸ்க் ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்று தெரியும். எங்கள் கம்ப்யூட்டர் திறக்கும்போது டிஸ்க் 100 விழுக்காட்டில் முட்டிக்கொண்டு நின்றது. புராசசர் சும்மா இருந்தது. வீட்டில் எல்லாரும் 'ஸ்லோ, ஸ்லோ' என்று புலம்பியதற்குக் காரணம் ஹார்டு டிஸ்க். அதற்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டும் மருந்தில்லை; எஸ்.எஸ்.டி. போட வேண்டும். பிளெண்டர் ரெண்டர் செய்யும்போது நிலைமை நேர்மாறு. டிஸ்க் ஓய்வில் இருந்தது; புராசசர் 100 விழுக்காட்டில் நின்றது. ஆக, ஒரே சொல்லால் சொன்ன இரண்டு வெவ்வேறு நோய்கள். உங்கள் வீட்டில் முதல் நோய் மட்டும் என்றால், கார்டுக்கான காசில் சிறு பகுதியிலேயே அது தீர்ந்துவிடும்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு இடம் இருக்கிறது? அடிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் கார்டு செருகும் நீளமான ஸ்லாட், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் x16 என்பது, இருக்கிறதா? அதிலிருந்து முன்பக்கம் வரை எத்தனை செ.மீ.? கேபினெட்டின் பின்புறப் பட்டை நெட்டையா, குட்டையா? பல கார்டுகள் இரண்டு ஸ்லாட் அகலத்தை அடைத்துக்கொள்ளும். பக்கத்து ஸ்லாட் காலியா? நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கேள்வி: எத்தனை வாட்? எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எங்களுடையது 240 வாட். மொத்த வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்பதையும் பாருங்கள். கார்டு தின்பது பெரும்பாலும் அதைத்தான். எங்கள் கணக்கு இது: புராசசர் 65 வாட், மற்றவை ஏறத்தாழ 40 வாட். 120 வாட் எடுக்கும் அந்தப் பழைய கார்டைப் போட்டால் 225 வாட். மூச்சு விட இடமில்லை. x16 ஸ்லாட் தானாகவே 75 வாட் வரை தரும். ஆகவே தனி வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு என்றால் மொத்தம் 180 வாட். முக்கால் பங்குதான். இப்படிப்பட்ட அலுவலகக் கம்ப்யூட்டர்களில் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும். கடையில் கிடைக்கும் பெரிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை வாங்கி மாட்டிவிட முடியாது. அதனால் இருக்கும் வாட்டுக்குள்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

நான்காம் கேள்வி: மானிட்டரில் என்ன இணைப்பு? எங்கள் பழைய மானிட்டரில் நீல நிற வி.ஜி.ஏ. மட்டும்தான். இன்றைய கார்டுகளில் வி.ஜி.ஏ. இருப்பதில்லை, ஹெச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் இருக்கும். அங்கே வருவது இலக்க வடிவச் சைகை, வி.ஜி.ஏ. கேட்பது தொடர் சைகை. ஆகவே வெறும் வயர் போதாது. சைகையை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வேண்டும். கார்டு வாங்கும்போதே அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் கேள்வி: இந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னும் எத்தனை ஆண்டு? விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இன்டெல் புராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11க்கு முறையான ஏற்பு. பிளெண்டர் லினக்ஸிலும் ஓடும் என்பதால் எங்களுக்கு அந்த வழி இருக்கிறது. கார்டையும் பிறகு வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். இருந்தாலும், பழைய பெட்டியின் மதிப்பைவிட அதிகமாக அதன்மேல் செலவழிப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

கடையில்

இந்த ஐந்து விடைகளையும் ஒரு தாளில் எழுதி, இந்தமுறை மகளையும் கூட்டிக்கொண்டு, வேறொரு கடைக்குப் போனேன். கடைக்காரர் தாளை வாங்கிப் படித்தார். "குட்டைக் கார்டு, தனி வயர் இல்லாதது. உங்களுக்கு ரெண்டு மூணுதான் சரியா வரும்" என்று எடுத்து வைத்தார். பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அங்கே தெரிந்துகொண்ட சில விஷயங்கள். முதலாவது, பெட்டியின் மேல் பெரிதாக '4 ஜிபி' என்று போட்டிருப்பதை வைத்துக் கார்டை எடை போடக் கூடாது. அது நினைவகத்தின் அளவு; வேகம் இல்லை. ஜிடி 1030 என்ற சிறிய கார்டு இதற்கு நல்ல சான்று. 2017இல் வந்தபோது அதில் ஜிடிடிஆர்5 நினைவகம்; நொடிக்கு 48 ஜிபி கடத்தும். 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு ஒன்று வந்தது. கடத்தும் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பெயர் ஒன்று, குணம் வேறு. சிறிய எழுத்தில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே பெயருள்ள கார்டிலும் தயாரிப்பைப் பொறுத்து மின் தேவை மாறும். ஜிடிஎக்ஸ் 1650இல் தனி வயர் கேட்காதவையும் உண்டு; ஆறு ஊசி இணைப்பு கேட்பவையும் உண்டு. கார்டின் ஓரத்தைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். ஒல்லியான கேபினெட் என்றால், குட்டைப் பட்டை பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதே 75 வாட்டுக்குள் அடங்கும் புதிய கார்டும் உண்டு. 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட்தான் எடுக்கும். எங்கள் கைக்காசுக்கு 1650 போதும் என்று முடிவு செய்தோம்.

மூன்றாவது, பழைய கார்டு. மெய்நிகர் நாணயமான எத்திரியம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகு, அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் நிறையப் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. எல்லாமே கெட்டுப்போனவை என்று சொல்ல முடியாது. ஆனால் மின்விசிறி தேய்ந்திருக்கலாம். இன்னொரு வகை, பழைய மலிவுக் கார்டுக்குள் பெயரை மட்டும் மாற்றி எழுதி விற்பது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் அப்படிப்பட்ட பல போலிகளைக் காட்டிக்கொடுக்கும். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வரிசை எண்ணும் உத்தரவாதக் காலமும் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மாட்டிய கதை

மாட்டுவது நினைப்பதைவிட எளிது. கம்ப்யூட்டரை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஐந்தாறு நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். மூடியைத் திறந்து வாசலுக்குக் கொண்டுபோய் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். எங்கள் பெட்டியில் ஒரு கைப்பிடி தூசி இருந்தது. பிறகு கேபினெட்டின் வெற்று இரும்பை ஒருமுறை தொடுங்கள். சீப்பால் தலை வாரித் தாள் துண்டுகளை ஈர்க்கும் சோதனையை எல்லாரும் செய்து காட்டியிருப்போம். அந்த நிலைமின்னூட்டம் நம் விரலிலிருந்து கார்டுக்குப் போகக் கூடாது என்பதற்குத்தான் இது.

ஸ்லாட்டுக்கு நேரே இருக்கும் பின்புறத் தகட்டைக் கழற்றுங்கள். கார்டை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். தங்க நிறப் பற்களைத் தொடாதீர்கள். ஸ்லாட்டில் நேராக வைத்து இரு பக்கமும் ஒரே மாதிரி அழுத்தினால் 'டிக்' என்று கொக்கி விழும். ஸ்குருவை முடுக்குங்கள். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கார்டைச் செருகியவள் மகள். டார்ச் பிடித்தவன் நான்.

போட்டோம். மின்விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. கழற்றி மாட்டினோம், அப்போதும் இருட்டுதான். பின்புறம் குனிந்து பார்த்த மகன், "அப்பா, கேபிள் பழைய இடத்துலயே இருக்கு" என்றான். மானிட்டர் வயர் மதர்போர்டின் பழைய துளையிலேயே செருகியிருந்தது. கார்டின் துளைக்கு கன்வெர்ட்டர் வைத்து மாற்றியதும் படம் வந்தது. இந்தத் தவறைச் செய்யாதவர் அபூர்வம் என்று பிறகு தெரிந்துகொண்டு ஆறுதல் அடைந்தேன்.

அதன் பிறகு டிரைவர். கார்டின் சிப்பைச் செய்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'எல்லா டிரைவரையும் புதுப்பித்துத் தருகிறோம்' என்று வரும் விளம்பர மென்பொருள்களைத் தொடாதீர்கள்.

எல்லாம் முடித்து ரெண்டர் கொடுத்தால், மறுபடியும் 11 நிமிடம்! மகள் பதறவில்லை. பிளெண்டரின் அமைப்புகளுக்குள் போய், புராசசருக்குப் பதிலாக கார்டைத் தேர்ந்தெடுத்தாள். அது ஓரிடத்தில் மட்டும் இல்லை. மென்பொருளின் பொது அமைப்பில் ஒருமுறை, அந்தக் காட்சியின் அமைப்பில் ஒருமுறை. பிறகு ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. 240 படத்துக்கு 360 நிமிடம். ஆறு மணி நேரம். 44 எங்கே, 6 எங்கே! ஆனால் ஒன்று: தூம்பு வழியே நீர் எப்படிப் பாயும் என்று கணக்கிடும் முந்தைய கட்டம் துளியும் வேகமாகவில்லை. அந்த வேலை பிளெண்டரில் புராசசருடையது. எந்த மருந்தும் எல்லா நோய்க்கும் ஆகாது.

படம் கண்காட்சிக்கு முன்பே தயாரானது. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் மடை திறக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "தாயி, சேறு இம்புட்டு மேல ஏறாது, அடியிலேயே ஓடிரும்" என்றார். முன்பு என்றால் இன்னொரு 44 மணி நேரம் என்று விட்டிருப்பாள். அன்று இரவே திருத்தினாள்; காலையில் புதுப்படம் இருந்தது. அந்தக் கார்டு எங்கள் வீட்டுக்குக் கொடுத்தது வேகத்தை என்று சொல்வதைவிட, பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை என்று சொல்வேன்.

வகுப்பறைக்கு

இப்போது பத்தாம் வகுப்பில் மின்திறன் நடத்தும்போது பழுதான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மேசைமேல் வைக்கிறேன். திறப்பதில்லை, பழுதானாலும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஸ்டிக்கரை மட்டும் படிக்கச் சொல்கிறேன். "இதில் 120 வாட் கார்டு போடலாமா, கூடாதா?" என்று கேட்கிறேன். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். நான் ஏமாந்த கதையையும் சொல்கிறேன். அதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இங்கே நான் சொன்னது எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு. பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருப்பவை அரசு உடைமை. அவற்றைப் பராமரிக்க என்று உள்ளவர்களிடம் சொல்லுங்கள். ஆர்வத்தில் நாமே திறக்க வேண்டாம்.

சென்ற கூட்டத்தில் கேட்ட மூன்று பேருக்கும் இப்போது என் பதில். வீட்டுக்குப் போனதும் முதலில் பிள்ளையிடம், "எதுக்குப்பா வேணும்? செய்றதைக் காட்டு" என்று கேட்டு, பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். நான் அந்த அரைமணி நேரத்தை முதல் நாளே கொடுத்திருந்தால், என் மகள் நாற்காலியில் தூங்கியிருக்க மாட்டாள். பிறகு இருவரும் சேர்ந்து மூடியைத் திறந்து, அடிக்கோலால் அளந்து, ஸ்டிக்கரைப் படம் எடுத்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தேநீர் இடைவேளையில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.